நூலை விடத் தெரிந்த ரீல்

1. பெட்டியில் எழுதியிருந்த பலம்

மட்டக்களப்பு நகரத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடையொன்றில் ரீல் பகுதி என் பொறுப்பு. அங்கே இப்போது நான்தான் மூத்தவன். வாவியில் வலை வீசுகிறவர்கள் எங்களிடம் வருவது குறைவு. ரொட் எனும் தூண்டில் கம்பும் நூல் சுற்றும் ரீலும் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் லீவு நாளில் குளங்களுக்குப் போய் விரால் பிடிக்கிறவர்கள். பேய்ட்காஸ்டிங் ரீலை எப்படித் தெரிவு செய்வது என்று கேட்டால், நியாஸ் காக்காவுக்கு நடந்ததைத்தான் முதலில் சொல்வேன்.

நியாஸ் ஓட்டமாவடியிலிருந்து பொலன்னறுவைக்கு பஸ் ஓட்டுபவர். அண்ணனை அந்தப் பக்கத்தில் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அதுவரை அவர் பாவித்தது ஸ்பின்னிங் ரீல். அதில் நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சுழலாது. பேய்ட்காஸ்டிங்கில் வீசும்போது ஸ்பூல் சுழன்றுதான் நூலை விடும். பிறேக்காலும் பெருவிரலாலும் அதை அடக்காவிட்டால், வெளியே போகும் நூலைவிட ஸ்பூல் வேகமாகச் சுற்றி, குருவிக்கூடு மாதிரிச் சிக்கிவிடும்.

இரண்டு ரீல்களை மேசையில் வைத்தேன். ஒன்று சின்னது, பிறேக் நன்றாக வேலை செய்யும், டிராக் வழுக்கிக்கொண்டு போகும். மற்றது கனமானது. அதன் பெட்டியில் டிராக் பலத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

“டிராக் எண்டா என்ன தம்பி?”

“மீன் இழுத்தா ரீல் கொஞ்சம் கொஞ்சமா நூலை விட்டுக் குடுக்கும் காக்கா. எவ்வளவு இறுக்கத்தில விடோணும் எண்டு இந்தச் சில்லைத் திருகி வைக்கிறது.”

“நான் புடிக்கப் போறன். எனக்கு என்னத்துக்கு விட்டுக் குடுக்கிற சாமான்? பலமானதைத் தாங்க.”

புதுக்கைக்கு முதலில் பார்க்க வேண்டியது பிறேக் என்று சொன்னேன். அவர் சிரித்தார். வாங்குமுன் இரண்டையும் வீசிப் பார்க்கட்டும் என்றார் முதலாளி. ஞாயிறு காலையில் நியாஸ் காக்காவோடு வாகனேரிப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனேன்.

2. முழங்கால் தண்ணி

குளக்கட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும், “முதலை கிடக்கு, இறங்கிராதீங்க” என்றார். நான் கட்டிலேயே நின்றேன். தாமரை இலைகளுக்கு அப்பால் வீச வேண்டும் என்று நியாஸ் காக்கா முழங்காலளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டேன்.

“இதுக்குள்ள என்ன முதலை தம்பி, தரை தெரியுது.”

கையில் அந்தக் கனமான ரீல். டிராக்கை முடிந்தமட்டும் இறுக்கியிருந்தார். இரண்டு வீச்சு சரியாகப் போனது. மூன்றாவதில் ஸ்பூல் பாய்ந்து நூல் சிக்கியது. தூண்டிலில் இரையாக மாட்டிய ரப்பர் தவளை இலைகளுக்கு நடுவே மிதந்தது. அவர் ரொட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் நின்றபடியே விரல்களை விட்டுச் சிக்கைப் பிரித்தார்.

அப்போது விரால் தவளையை எடுத்தது. நூல் இறுகியது, சிக்கின் வளையங்கள் அவருடைய இரண்டு விரல்களில் விழுந்து பூட்டிக்கொண்டன. “பெரிசு தம்பி” என்றார் சந்தோஷமாக. உடனே விரால் துள்ளிய இடத்தில் தண்ணீர் மேலெழும்பியது. ஒரு நீண்ட வாய் திறந்து மூடியதைக் கண்டேன். அதற்குப் பிறகு நூலை இழுத்தது மீனில்லை.

“தம்பி, விரல் போகுது.”

கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். பிறெய்ட் எனும் பின்னல் நூல் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டிராக் அசையவில்லை. நூல் விடும் கட்டையை அமத்தியும் சிக்கு விடவில்லை. கத்தரிக்கோல் தூரத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் பையில் இருந்தது.

“முன்னுக்கு வாங்க காக்கா, நூல் தொய்யும்.”

“ஏலாது. கால் வருகுதில்ல.”

முன்னால் வருவதென்றால் அந்த வாயை நோக்கி வருவது. அவரைக் குறை சொல்ல முடியாது.

3. நுனிக்கு அப்பால்

என் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் அந்த நேரம் மெதடிஸ்ட் கோயில் ஆராதனையில் இருப்பார்கள் என்று நினைத்தது ஞாபகம். போட்டிருந்த சேட்டைக் கழற்றி வலது கையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். ரொட்டின் நுனிக்கு அப்பால்தான் நூலைப் பிடிக்கலாம். அங்கே தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இலைகள் எங்களை விட்டு விலகுவதைப் பார்த்து முதலை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தது. அது திரும்பினால் எப்படித் தெரியும் என்பது தெரியவில்லை.

நூலைச் சேட்டோடு சேர்த்துப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். பாரம் என் தோளுக்கு வந்தது. சேற்றில் என் கால்கள் வழுக்கின. பின்னால் அவர் மூச்சு வாங்கியபடி விரல்களை உருவுவது கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாயிருந்தது. அவர் சொல்லும் முன் நான் விட்டால் அந்த விரல்கள் அவருக்கில்லை.

திடீரென்று நூல் தொய்ந்தது. அது எனக்கு இன்னும் பயங்கரம். இழுக்கிறவரை அது எங்கே என்று தெரியும். தொய்ந்தால் அது நின்றிருக்கும், அல்லது எங்கள் பக்கம் வரும்.

“எடுத்திட்டன்” என்றார்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினோம். ஏறித் திரும்பிப் பார்த்தபோது ரொட்டும் ரீலும் இலைகளுக்கு நடுவே தானாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தன. மாடு மேய்த்தவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கிழித்து நியாஸ் காக்காவின் விரல்களைக் கட்டினார். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

4. இரண்டாம் தடவை

விரல்கள் தப்பின. ஒன்றின் நுனியில் மட்டும் இன்னும் உணர்ச்சி இல்லையாம். காயம் ஆறிய பிறகு அவர் கடைக்கு வந்து, “தம்பி, ரீல் ஒண்டு காட்டுங்க” என்றார். எனக்கு விற்க மனமில்லை. ஸ்பின்னிங்கோடு நில்லுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

“பஸ் ஓடுறவன் ஒருக்கா அடிபட்டா ஓடாம இரிக்கிறானா? நல்லா விடுறதைக் காட்டுங்க.”

சின்ன ரீலைக் கொடுத்தேன். டிராக்கைத் தளர்த்தி, கையால் நூலை இழுத்து, அது சீராக வருகிறதா என்று நெடுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளருக்கும் நான் காட்டும் முறை அதுதான்: முதலில் பிறேக், அடுத்தது இழுத்தால் விடுகிற டிராக். பெட்டியில் உள்ள இலக்கம் கடைசி. பையில் கிடக்கும் கத்தரிக்கோலைக் கழுத்தில் தொங்கவிடச் சொல்வேன்.

அவர் கேட்டதால் அந்தக் குளத்துக்கு மறுபடியும் கூடப் போனேன். இந்தமுறை இருவரும் தண்ணீரில் இறங்காமல் குளக்கட்டிலேயே நின்றோம். இரண்டாம் வீச்சில் நூல் சிக்கியது. நியாஸ் காக்கா அதைத் தொடவில்லை. ரொட்டைத் தரையில் வைத்தார்; கட்டின் மறுபக்கம் வயல் வட்டைக்கு இறங்கி, வரம்பில் குந்தி, தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவர் தலையிலிருந்து கையை எடுத்த பிறகுதான் இருவரும் எழும்பிப் போய்ச் சிக்கைப் பிரித்தோம்.