பால் கொடுத்தவளுக்கு எத்தனை மார்க்

என் இரண்டாவது மகளுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தபோது எனக்கு ஒரு வேலை கிடைத்தது. எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ஆண்டர்சன்பேட்டையிலும் மைசூர் மைன்ஸிலும் வீடு வீடாகப் போய், கைக்குழந்தைக்காரிகளிடம் கேள்வி கேட்டு ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதில் அவர்களுக்கு எவ்வளவு திருப்தி என்று அளக்கிற படிவம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண் போட வேண்டும். ஒன்று என்றால் திருப்தியே இல்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி.

பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற ஒரு மேடம்தான் போனில் இதை விளக்கினார். "திருப்தியை எல்லாம் அளக்க முடியுமா மேடம்?" என்று கேட்டேன். முடியுமாம். அரபி பேசுகிற அம்மாக்களிடம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருக்கிறார்களாம், இப்போது தமிழில் கேட்கப் போகிறார்களாம். அந்த அரபிப் பெண்கள் பதில் சொல்லும்போது பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாரா என்று கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாள், முதல் வீடு. மைன்ஸ்காரர்களுக்காகக் கட்டிய லைன் வீடு. குழந்தையோடு இருந்த பெண் வாயைத் திறப்பதற்குள் மாமியார் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். "இன்னாம்மா, கவர்மெண்டா?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நான் முதல் வாக்கியத்தைப் படித்தேன். "போடும்மா அஞ்சு" என்றார். இரண்டாவதைப் படித்தேன். "அதுக்கும் அஞ்சு. எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்கோ. நாங்க நல்லா கீறோம், ஒரு கம்ப்ளெயின்டும் இல்ல."

எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பாட்டுதான். எங்கள் ஊரில் மடியில் ஃபைல் வைத்துக்கொண்டு எதிரே உட்காருகிறவர் யாராக இருந்தாலும் கிடைக்கிற பதில் இது. மாமனார்கள் சுரங்க ஷாஃப்டில் இறங்கிய காலத்தில் மூச்சு வாங்குகிறது என்று வாய்தவறிச் சொன்னவன் அடுத்த வாரம் ஷிஃப்ட் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தான். அப்போது படிந்த பயம். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, வீட்டுப் பெண்கள் வாயில் அந்தப் பதில் மட்டும் இன்னும் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, குறைச்சலாக மார்க் போட்டால் அங்கன்வாடியில் சத்துமாவு நின்றுவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

ஒரு வாரத்தில் கட்டுக் கட்டாக ஐந்துகள் சேர்ந்தன. எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையும் எந்தப் பரீட்சையிலும் வாங்காத மார்க். அனுப்பிவைத்தேன். மேடம் மறுநாளே கூப்பிட்டார்.

"வீட்லயே உக்காந்து ஃபில் பண்ணிட்டீங்களா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மொட்டை வெயிலில் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, மார்பு கனக்கக் கனக்க அலைந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். சொல்லாததற்குக் காரணம், அந்த ஐந்துகள் பொய் என்று எனக்கும் தெரியும். நானே சொன்ன பொய் அது.

மூத்தவள் பிறந்தபோது எனக்குப் பால் பொங்கிக்கொண்டு வந்தது. குழந்தை அழுகிறாள் என்பதற்காக, நாற்பதாம் நாள் என் மாமியார் "உனக்குப் பால் பத்தல" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று மாலையே பால் பவுடர் டின் வீட்டுக்கு வந்தது. சுரப்பதை நிறுத்த மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். காய்ச்சல் வந்தது. அந்த வாரம் பார்க்க வந்த நர்ஸ், "பால் கொடுக்கறதெல்லாம் சரியா போகுதா?" என்று கேட்டார். ரவிக்கை நனைந்து துண்டும் நனைந்திருந்தது. நான் சிரித்துக்கொண்டு, "நல்லா கீறோம் சிஸ்டர்" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னையே அறையலாம் போலிருக்கும். மல்லிகைப்பூவைத் தலையில் வைப்பதை அதோடு விட்டேன்.

இரண்டாவது பிறந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: இந்த முறை டின் உள்ளே வந்தால் நான் வெளியே போவேன். யாரும் டின் வாங்கவில்லை. பால் பற்றாமலும் போகவில்லை.

அதனால் மேடத்திடம் ஒன்று மட்டும் கேட்டேன். "இன்னொரு தடவை போறேன். ஆனா என் இஷ்டப்படிதான் கேட்பேன்." சரி என்றார்.

எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் மாமியார்கள் எல்லாரும் குடத்தோடு குழாயடியில் இருப்பார்கள், ஒரு மணி நேரத்துக்கு நகரமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் போனேன். என் மகளையும் இடுப்பில் எடுத்துக்கொண்டேன். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து முதலில் அவளுக்குப் பால் கொடுத்தேன். எதிரே இருந்தவளும் தன் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம்தான் பேனாவைத் திறந்தேன். ஐந்துகள் ஓடிப்போயின. ஒன்று வந்தது, இரண்டு வந்தது, "மூணரை போடலாமாக்கா?" வந்தது. காம்பு வெடித்து ரத்தம் வந்ததை யாரிடமும் சொல்லாதவள் என்னிடம் சொன்னாள். குழந்தை பால் குடிக்கும்போதுதான் தன்னை யாரும் வேலை ஏவுவதில்லை என்று இன்னொருத்தி சொல்லிச் சிரித்தாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை. விடியற்காலை முதல் வண்டிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பையனுக்கு எட்டு மாதம். பகலெல்லாம் மாமியார் பவுடர் பாலைக் கரைத்துக் கொடுப்பார். அவள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பதால், மாமியார் மார்க்கெட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பிடித்தேன்.

திரும்பி வரும் வண்டியில் பாதி வழியிலேயே மார்பு கல்லாகிவிடும் என்றாள். லேடீஸ் பெட்டியில் அவளுக்கென்று ஜன்னல் ஓரத்தை விட்டுவிடுவார்களாம். இரண்டு பேர் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொள்வார்களாம். இவள் பாலைப் பீய்ச்சித் துணியில் வாங்கிக்கொள்வாள். "எவ்வளவு வீணாப் போவுது தெரியுமாக்கா?" என்றாள்.

பிறகு படிவம். குழந்தைக்குத் தேவையான அளவு பால் என்னால் கொடுக்க முடிந்தது: ஒன்று. நான் நினைத்தபடி கொடுத்தேன்: ஒன்று. உடம்புக்குச் சிரமம் இல்லாமல் கொடுத்தேன்: ஒன்று. கடைசி வாக்கியம், மொத்தத்தில் பால் கொடுத்ததில் எனக்குத் திருப்தி.

"அஞ்சு" என்றாள்.

தப்பாகக் காதில் விழுந்ததோ என்று மறுபடி படித்தேன்.

"அஞ்சுதான்க்கா. பகல் பூரா நான் மெஷினுக்கு. வந்து இவனை மடியில போட்டாத்தான் எனக்கு நானு. அதுக்கு அஞ்சு போடாம வேற இன்னாத்துக்குப் போடறது?"

எழுதிக்கொண்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

படிவங்களைப் பார்த்த மேடம் இந்த முறை சந்தோஷப்பட்டார். அந்த ஒரு படிவத்தைத் தவிர. "எல்லாத்துலயும் ஒண்ணு, கடைசியில அஞ்சு. ஒண்ணுக்கொண்ணு இடிக்குது. அதை ரெண்டுன்னு மாத்திடுங்க, இல்லன்னா எடுத்துடலாம்" என்றார். அவள் சொன்னது அதுதான் என்றேன். "அவங்களுக்குக் கேள்வி புரிஞ்சிருக்காதும்மா. அவ்வளவா படிச்சவங்க இல்லையே." சின்னத் திருத்தம்தானே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு, பிடிவாதம் பிடித்தால் அடுத்த ஏரியாவுக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அந்த வேலை எனக்கு ரொம்பவே வேண்டியிருந்தது. ஆனாலும் என் கை அந்த ஐந்தை அடிக்கத் தயாராக இல்லை. உனக்குப் பால் பற்றவில்லை என்று என்னிடம் சொன்ன அதே குரல், இப்போது ஆங்கிலம் கலந்து பேசியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார்மெண்ட்ஸ் பெண்ணின் வீட்டுக்கே போனேன். விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்தே மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மேடம் பொறுமையாக மறுபடி ஆரம்பித்தார்: முதலில் எல்லாம் ஒன்று என்றால் கடைசியிலும் குறைவாகத்தான் வர வேண்டும், அதுதான் முறை. இந்தத் தடவை மாமியார் வீட்டில் இருந்தார். கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "ரெண்டுன்னே போட்டுக்கச் சொல்லுடி, இன்னாத்துக்கு வம்பு?" என்றார்.

அவள் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவன் தலையைத் தாங்கியபடி இன்னொரு கையைப் போனுக்கு நீட்டினாள். கொடுத்தேன்.

"மேடம், கேள்வி எனக்கு நல்லாவே புரிஞ்சுதுங்க. கஷ்டமான்னு கேட்டீங்க, கஷ்டம்னு சொன்னேன். திருப்தியான்னு கேட்டீங்க, திருப்தின்னு சொன்னேன். மாத்தி எழுதறதா இருந்தா என்னை இன்னாத்துக்குக் கேட்டீங்க? நீங்களே எழுதிக்கலாமே."

அவள் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். அடுத்த ஏரியாவுக்கு நான் வர வேண்டாம் என்றார் மேடம். சரி என்றேன். "இந்தப் படிவம் கணக்குல இருக்குமா மேடம்?" என்று மட்டும் கேட்டேன். "இருக்கும், அப்படியே இருக்கும்" என்றார்.

அவள் பையனை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா சொன்னாங்க?"

"நீ சொன்னதே இருக்கட்டுமாம்."

"பின்ன?" என்றாள்.