வேலண்ணன் தலை என்ன சைஸ்?

உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கேட்டு ஒருநாள் கடைக்குள் ஒரு கூட்டம் வந்தது. கேட்டவர்கள் எதிரிகள் இல்லை. அந்த மனுஷனின் பெயரைக் கையில் பச்சை குத்தி வைத்திருந்த பையன்கள்.

குமாரபாளையத்தில் பிளெக்ஸ் டிசைனராக என் ஆயுளில் பாதியை ஓட்டியவள் நான். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டதால் போன வருஷம் வேலையை விட்டேன். கலர், ஃபான்ட், கட்டிங் எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். இதைச் சொல்லித் தர ஆள் இல்லை, அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. முதல் நாள், முதல் சொதப்பல்

பிளெக்ஸில் முதல் பாடம் யார் தலை எவ்வளவு பெரிசு என்பது. கல்யாணமோ காதுகுத்தோ, மேலே பெரிய தலை, கீழே வரிசையாகச் சொந்தபந்தம். தாய்மாமன் தலை கொஞ்சம் சுருங்கினாலும் பந்தியில் சண்டை வரும்.

எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்பைக் கரை டீம் என்பார்கள். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானியில் இருப்பது அக்கரை டீம். கரை டீமின் பழைய கேப்டன் செங்கோட்டுவேல், எல்லோருக்கும் வேலண்ணன். ஒரு பைனலில் மண்டை உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப இறங்கி, அந்த உடைந்த தலையாலேயே முட்டி அக்கரை டீமுக்கு எதிராக கோல் போட்டவர்.

எனக்கு அது எங்கே தெரியும்? வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ரசிகர்கள் கொடுத்த போட்டோவில் தலையைச் சுற்றி ஒரு அழுக்குக் கட்டு இருந்தது. நல்ல மனுஷனை இப்படியா போடுவது என்று அதை அழகாக அழித்து, நெற்றியை வழவழவென்று ஆக்கி, முடியும் வைத்துக் கொடுத்தேன். பையன்கள் பார்த்துவிட்டு அலறினார்கள்.

"அய்யோ அக்கா! அந்தக் கட்டுதானுங்க வேலண்ணன்!"

அன்றைக்கு அழித்த கட்டைத் திரும்ப ஒட்டிவைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

2. வாய்க்கு ஓய்வில்லை

வேலண்ணன் ஆட்டத்திலிருந்துதான் ஓய்வு பெற்றார். வாய் இன்னும் ஆடிக்கொண்டே இருந்தது. ஊர் யூடியூப் சேனல்காரர்கள் டீக்கடையில் அவரைப் பிடித்து மைக்கை நீட்டுவார்கள். "கோல் கீப்பரு முடியைச் சீவற நேரத்துல பந்தைப் புடிக்கலாமுங்க" என்றார் ஒருமுறை. அடுத்த பிளெக்ஸில் அவர் தலை பாதியாகிவிட்டது. "இந்த வருஷம் கப்பு நமக்குத்தானுங்க" என்றார். தலை பழையபடி வளர்ந்தது. நான் மேட்சும் பார்த்ததில்லை, வீடியோவும் பார்ப்பதில்லை. அவர் வாய் எப்படி இருக்கிறது என்பதைத் தலை சைஸிலேயே தெரிந்துகொள்வேன்.

போன வருஷம் கரையும் அக்கரையும் பைனலுக்கு வந்தன. எங்கள் டீம் வெளியூரிலிருந்து சில கெஸ்ட் பிளேயர்களை இறக்கியது. ஒரு டோர்னமென்டுக்கு மட்டும் கூப்பிட்டு வந்து ஆடவைக்கிற ஆட்கள். இது எல்லா டீமும் செய்வதுதான். வேலண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"கெஸ்ட்டை வெச்சு ஜெயிச்சா அது நம்ம கப்பே இல்லீங்க. அதுக்கு அக்கரைக்காரனே ஜெயிச்சுட்டுப் போவட்டும்."

போதுமா? ஊரே கொதித்துப் போனது.

3. ஊட்டாளு

பைனலுக்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம். ரசிகர் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி இருக்கும் தினேஷ், தறி ஓட்டுகிறவன், நாலைந்து பேரோடு வந்து நின்றான்.

"அக்கா, கண்ணீர் அஞ்சலி ஒண்ணு அடிக்கோணும். அர்ஜென்ட்டுங்க."

"யாருக்குடா?"

"வேலண்ணனுக்கு."

"எப்படா? காலையிலகூட பாலத்து மேல நடந்து போனாரேடா!"

"உசுரோடதான் இருக்காருங்க. எங்களுக்குச் செத்துட்டாரு."

அதை அவர் வீட்டுத் தெரு முக்கில் கட்டுவார்களாம். அவர் வீட்டம்மா தினமும் அந்த முக்கு வழியாகத்தான் பால் வாங்கப் போவார். கோபத்தோடுதான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். போட்டோ கேட்டேன். கட்டுப் போட்ட போட்டோவைத்தான் கொடுத்தான். பெயரைத் தட்டினேன்.

"அக்கா, பேருக்கு முன்னால கேப்டன் போடுங்க."

"செத்தவனுக்கு என்னடா கேப்டன்?"

"இருந்தாலும் அவுரு கேப்டன்தானுங்களே."

மாலை ஒட்ட வேண்டிய இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். "போங்கடா. நான் அடிக்க மாட்டேன்."

உள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "அம்மிணி, கேட்டதை அடிச்சுக் குடு. நாம என்ன கருத்துக் கணிப்பா நடத்தறோம்?"

வந்ததே எனக்குக் கோபம்! கடையில் ஒரு சட்டம் உண்டு, போட்டவர் அதே முதலாளிதான். ஒருமுறை செத்துப்போனவருக்குப் பதிலாக அதே ஜாடையில் இருந்த தம்பி படத்தை அஞ்சலியில் அடித்துவிட்டோம். தம்பியே நேரில் வந்து நின்றார். அன்றிலிருந்து அஞ்சலி பிளெக்ஸ் என்றால் அந்த வீட்டு ஆள் ஒருவர் வந்து ப்ரூஃப் பார்த்து ஓகே சொல்லாமல் பிரிண்டுக்குப் போகாது.

"சட்டப்படி வேலண்ணன் ஊட்டாளு வந்து ஓகே சொல்லட்டும், அடிக்கறேன்" என்றேன். முதலாளி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தினேஷ் கத்தினான். "ஊட்டாளுக்கு எங்கீங்க போறது? நாங்கதானுங்க்கா அவுரு ஊட்டாளுங்க!"

"அப்படியா சாமி? அப்ப மொட்டை அடிக்கறது யாரு?"

முடியைக் கலர் பண்ணிக்கொண்டு வந்திருந்த ஒருத்தன் தன்னை அறியாமல் தலையில் கை வைத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தினேஷ் சிரிக்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேற எவன் சொல்லியிருந்தாலும் போடான்னு போயிருப்பமுங்க. அக்கரைக்காரன் ஜெயிக்கட்டும்னு அவுரு வாயால எப்படிங்க வரும்? மனசே ஆற மாட்டேங்குதுங்க."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. வேறு கடை பார்த்துக்கொள்கிறோம் என்று முறைத்துக்கொண்டு போனார்கள்.

4. செத்தவர் ப்ரூஃப் பார்த்தார்

சின்ன ஊரில் எது மறையும்? மறுநாள் காலையில் கடை திறந்ததும் வேலண்ணனே வாசலில் நின்றார்.

"அம்மிணி, என்ற பிளெக்ஸு ரெடியாயிருச்சா?"

மறைக்கப் பார்த்தேன், விடவில்லை. மாலை ஒட்டாத பாதி டிசைனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"கட்டுப் போட்ட போட்டோவையா குடுத்தானுங்க?"

"ஆமாங்கண்ணா."

"கேப்டன்னு போட்டிருக்குது?"

"அவனுங்கதான் போடச் சொன்னானுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். "ஜெர்சி மஞ்சளடிச்சுத் தெரியுது. நம்ம பச்சை இதில்ல அம்மிணி. அதைச் சரி பண்ணி அடிச்சுக் குடுத்துரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கண்ணா, ஊரே உங்களைக் கொண்டாடிட்டு இருந்துது. அந்த வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்கக் கூடாதுங்களா?"

"சும்மா இருக்கறதுக்கு நான் என்ன அக்கரைக்காரனா? இது என்ற டீமு. நம்ம பசங்க வெயில் பாக்காமப் பழகிட்டு, பைனலன்னிக்குப் பெஞ்சுல உக்காந்திருக்கானுங்க. எனக்கு வவுறு எரியுது. சொன்னதை மாத்திக்க மாட்டேன். அவனுங்க கோவத்தையும் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

அவர் போனதும் தினேஷுக்குப் போன் போட்டேன். "ஊட்டாளு வந்து ப்ரூஃப் பாத்துட்டாரு. ஓகேதானாம். பச்சையை மட்டும் சரி பண்ணச் சொன்னாரு."

"எந்த ஊட்டாளுங்க?"

"செத்தவரேதான்டா."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் தலையெல்லாம் பஞ்சோடு ஓடி வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணீர் அஞ்சலியை எடுத்துவிடச் சொன்னான். அந்த இடத்தில் அவன் சொல்லச் சொல்ல நான் தட்டியது இது: "கேப்டன், நீங்க சொன்னது தப்பு. மேட்சுக்கு வந்துருங்க."

"தலை என்ன சைஸ்டா?"

"பழைய சைஸேதானுங்க."

5. பைனல்

பச்சை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் மைதானத்துக்குப் போனேன், வாழ்க்கையில் முதல்முறையாக. வேலண்ணன் வந்தார். பிளெக்ஸை நின்று படித்தார். நேராகப் போய் அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கரை டீம் கோல் போட்டது. போட்டவன் கெஸ்ட் பிளேயர். எல்லோருக்கும் முன்னால் எழுந்து கை தட்டியவர் வேலண்ணன்தான். கப் எங்களுக்கு. சேனல்காரன் ஓடிவந்து மைக்கை நீட்டினான். "இப்ப என்னங்கண்ணா சொல்றீங்க?"

"கோலு அருமையான கோலுங்க" என்றார். பையன்கள் விசிலடித்தார்கள். விசில் அடங்கட்டும் என்று காத்திருந்து கேட்டார், "அடிச்ச பையன் எந்த ஊருங்க?"

கூட்டமே "ஓ"வென்று கத்தியது. தினேஷ் தலையில் அடித்துக்கொண்டான், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். கஸ்டமர் கோபத்தோடு வந்தால் அவன் வாயைப் பார்க்காதீர்கள். எந்த போட்டோவைக் கொடுக்கிறான், பெயருக்கு முன்னால் என்ன போடச் சொல்கிறான் என்று பாருங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிரிண்ட் கொடுங்கள்.

அன்றைக்கு மைதானத்தை விட்டுக் கிளம்பும்போது தினேஷ் என்னிடம் வந்தான். "அக்கா, திங்கக்கெழமை கடைக்கு வாரேன். கப்பு பிளெக்ஸு அடிக்கோணும். இந்த ஆளு தலையைப் பாதியாக்கிப் போடுங்க."

"பாதி போதுமாடா? இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?"

யோசித்தான். "வேண்டாமுங்க்கா. கட்டு தெரியோணும்."