மஹத்தயா வகுப்பு

தன் மகள் மஹத்தயா வகுப்புக்குத் தெரிவாகிவிட்டாள் என்று பழனிமுத்து சொன்னபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற யாருக்கும் அது என்ன வகுப்பு என்று கேட்கத் தோன்றவில்லை. மஹத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா, கனவான். காற்சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர். அப்படிப்பட்ட ஆட்களை உண்டாக்குவதற்கு ஒரு வகுப்பு இருக்கிறதென்றால், அதற்குத் துஷாந்தினியைக் கூப்பிட்டும் விட்டார்கள் என்றால், கேள்வி கேட்பானேன்? டொபி வாங்கக் கை நீட்ட வேண்டியதுதான். பழனிமுத்துவும் வஞ்சகமில்லாமல் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்.

அன்று பின்னேரம் துஷாந்தினி மாத்தளையிலிருந்து வந்து பலாபத்வலயில் பஸ் இறங்கி, மேடேறி லயத்துக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு இருளாண்டி எழுந்து நின்று, "வாங்க மஹத்தயா" என்றார். இருளாண்டி கங்காணிக்கே எழுந்து நிற்காத ஆள். போன கிழமை வரைக்கும் அவளைக் கண்டால், "என்னா பழனி, ஒம் மகளுக்கு மட்டும் ரெண்டு ஆளு அரிசி வாங்குறியா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர். இப்போது சிரிப்பைக் காணோம். விசயத்தைக் கேட்டதும் அவள் நேரே அப்பாவைத் தேடி வீட்டுக்குள் போனாள்.

நடந்தது இதுதான். அவள் கட்டட வரைபடம் படிக்கிற தொழில்நுட்பக் கல்லூரிக்கு அந்தத் தவணை சந்திரகாந்தா மேடம் புதிய அதிபராக வந்தார். வந்த வேகத்திலேயே ஒரு சட்டம் போட்டார். உடல் நிறை கூடிய மாணவர்கள் காலையில் உடற்பயிற்சி வகுப்புக்குக் கட்டாயம் வரவேண்டும். வராதவர்கள் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. அறிவித்தல் பலகையில் அதற்கு 'ஆரோக்கிய மேம்பாட்டு வகுப்பு' என்று பெயர். இவ்வளவு நீளப் பெயரை வாயில் போட்டுக் குதப்ப யாருக்குப் பொறுமை? கல்லூரியில் பாதிக்கு மேல் சிங்களப் பிள்ளைகள். சிங்களத்தில் குண்டு என்பதற்கு 'மஹத' என்பார்கள், வகுப்புக்குப் 'பந்திய' என்பார்கள். மத்தியானத்துக்குள் அது 'மஹத பந்திய' ஆகிவிட்டது. வீடுகளுக்குப் போன் எடுத்துச் சொன்ன அலுவலக லிகிதரும் அதே பெயரைத்தான் சொல்லியிருப்பார். மலைச்சரிவில் சிக்னல் விட்டு விட்டு வரும். மஹத என்றது அப்பாவின் காதில் மஹத்தயா என்று விழுந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே புத்தம் புதுசாக வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து.

"காலையில ஓட விடுவாங்களாம்ல. போட்டுப் பாரு, கடிக்குதான்னு."

சப்பாத்து கடிக்கவில்லை, அளவாக இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

துஷாந்தினி திடீரென்று பருத்தவள் இல்லை. பிறந்ததே பெரிய பிள்ளையாகத்தான். பள்ளிக்கூட நாடகத்தில் யானை வந்தால் அது அவள்தான். யானை இல்லாத நாடகத்தில் அவளும் இல்லை. எட்டாம் வகுப்பு விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். பாதி தூரம் போவதற்குள் மைதானம் முழுக்கச் சிரிப்பது கேட்டது. நடந்து வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. பஸ் போனால் போகட்டும், அடுத்தது வரும். மற்றவன் உடம்பைப் பற்றி ஊருக்கு இருக்கிற அக்கறையில் கால்வாசி தன் உடம்பைப் பற்றி இருந்தால், மாத்தளை ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கும்.

வகுப்புக்கு ஆள் பிடித்த விதம்தான் கொடுமை. மண்டபத்தில் எல்லோரையும் வரிசையில் விட்டு, மேடைக்குப் பக்கத்தில் தராசை வைத்து, ஒவ்வொருவர் நிறையையும் லிகிதர் சத்தமாக வாசித்தார். ஏலம் போடுவதுபோல் இருந்தது. துஷாந்தினியின் முறை வந்ததும் பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். அவளுக்கு அடுத்து நின்றவள் ரஜிதா, வஹகோட்டைப் பக்கத்துப் பிள்ளை, அதிர்ந்து பேசமாட்டாள். அவள் தராசில் ஏறவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவள் மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

முதல் நாள் வகுப்பில் துஷாந்தினிக்குப் பக்கத்தில் வந்து நின்றவள் றிஸ்மியா. மாத்தளை டவுனில் அவளுடைய வாப்பாவுக்குப் புடைவைக் கடை. முக்காடும் முழுக்கைச் சட்டையும் போட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்லுவாங்களே, அது நமக்குத்தான் புள்ள. பந்திக்கு முந்தினவங்களுக்கு ஒரு பந்திய போட்டீக்கிறாங்க."

துஷாந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. எனக்கு ஈக்கிற ஆத்திரத்துக்கு அளவில்ல. அந்த விசிலடிச்சான்ல, ஒல்லிப்பிச்சான், அவனுக்கு மாடிக்கு ஏறினா நாக்கு தள்ளுது. அவனுக்கு ஏன் வகுப்பில்ல? ஒடம்புக்கு நல்லதுன்னா எல்லாருக்கும் நல்லதுதானே?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் பயிற்சியாளர் பஸ்லி சேர் விசில் ஊதினார். இவர் ஊதிய விசில் வேறு மாதிரி. யார் நிறையும் அவருக்குத் தேவைப்படவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார், முடியாவிட்டால் நடக்கச் சொன்னார், நிற்க மட்டும் வேண்டாம் என்றார்.

துஷாந்தினி ஓடினாள். சிரிக்க ஆளில்லாத மைதானம். பக்கத்தில் றிஸ்மியா திட்டிக்கொண்டே ஓடி வந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது, முகம் பற்றி எரிந்தது, சப்பாத்து பனியில் நனைந்து கனத்தது. ஒரு சுற்று முடிந்தபோது அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. வந்தது சந்தோசம். இத்தனை வருசம் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு திரிந்தவளுக்கு, அதுவே தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வகுப்பு எப்போது வரும் என்று அவள் விரலை மடக்கத் தொடங்கினாள்.

வீட்டில் மட்டும் பொய் வளர்ந்தது. "இன்னைக்கு என்னா படிச்சுக் குடுத்தாங்க மஹத்தயா?" என்று இருளாண்டி கேட்பார். "தலைமைத்துவம்" என்பாள் துஷாந்தினி. பொய்யும் இல்லை, வரிசைக்கு முன்னால் ஓடுகிறவள் அவள்தானே.

ஒரு நாள் பஸ்லி சேர் ஒரு பெரிய கயிற்றைச் சுமந்துகொண்டு வந்து போட்டார். வருசா வருசம் தம்புள்ளைக் கல்லூரியோடு விளையாட்டுப் போட்டி நடக்கும். பெண்கள் கயிறிழுத்தலில் மாத்தளை ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. தம்புள்ளைப் பிள்ளைகள் மரக்கறிச் சந்தைக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள், போஞ்சி மூட்டையைக் கூந்தலில் பூ வைக்கிற மாதிரித் தோளில் வைப்பார்கள்.

"இழுக்க வேணாம்" என்றார் பஸ்லி சேர். "எல்லாரும் கையால இழுத்துத்தான் தோக்கிறாங்க. குதிக்காலை மண்ணுல பதிச்சு, சாஞ்சி, அப்படியே நில்லுங்க. அவங்க களைக்கட்டும்."

வகுப்பிலிருந்தே எட்டுப் பெண்களை அணிக்கு எடுத்து, கடைசி ஆளாகத் துஷாந்தினியை நிறுத்தினார். கயிற்றின் நுனி அவள் அக்குளுக்குக் கீழே போய், முதுகைச் சுற்றித் தோளுக்கு மேலே வந்தது. ஆண்கள் அணி எதிரில் நின்று இழுத்துப் பார்த்தது, அவள் அசையவில்லை. விசிலடித்த ஒல்லிப்பையன் புல்லில் குப்புற விழுந்தான். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, "சேர், நானும் இந்த வகுப்புல சேரலாமா?" என்று கேட்டான்.

"ஒனக்கு நிறை காணாது, போ" என்று பஸ்லி சேருக்கு முன்னால் றிஸ்மியா சொன்னாள்.

அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போன துஷாந்தினிக்கு அங்கே இடி காத்திருந்தது. போட்டிக்கு ஒரு வேன் பேசியாகிவிட்டது. அப்பா, இருளாண்டி, இன்னும் லயத்தில் பாதிப் பேர். மஹத்தயா வகுப்பு மைதானத்தில் இறங்குவதைப் பார்க்காமல் விடலாமா? கல்லூரியில் அந்த அணிக்கு என்ன பெயர் என்பது அவளுக்குத் தெரியும். மைக்கில் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், டொபி தின்ற வாய்களுக்கு முன்னால், அப்பாவின் முகம் எப்படிப் போகும்?

போட்டியன்று காலை அப்பா சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

"அப்பா, அது மஹத்தயா வகுப்பு இல்லங்கப்பா."

"தெரியும் புள்ள. மஹத்தயா ஆகுறதுக்கு முந்தின வகுப்புதானே. அவசரப்பட்டா முடியுமா?" என்று சொல்லிவிட்டுக் காலரைத் திருப்பிப் போட்டார். இதற்குமேல் எப்படிச் சொல்வது?

மைதானம் நிரம்பி வழிந்தது. லயத்து ஆட்கள் கயிற்றுக்கு நேரே வேலியோரம் நின்றார்கள். அப்பா பக்கத்திலிருந்த தம்புள்ளை ஆட்களிடம் சரளமான சிங்களத்தில் ஏதோ சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி காற்றில் ஆடியது. மூன்று தடவையில் இரண்டு தடவை ஜெயிக்க வேண்டும்.

முதல் தடவை மாத்தளை தோற்றது. பதற்றத்தில் எல்லோரும் கையால் இழுத்தார்கள். இரண்டாவது தடவை சாய்ந்து நின்றார்கள். தம்புள்ளை இழுத்து இழுத்துச் சலித்து, மூச்சு விட்ட நேரத்தில் றிஸ்மியா "இப்ப" என்றாள். எட்டுப் பேரும் ஓரடி பின்னால் போனார்கள், பிறகு இன்னோரடி. துணி கோட்டைத் தாண்டியது. மைதானம் கொந்தளித்தது.

மூன்றாவதற்குக் கயிற்றைத் தூக்கும்போதுதான் மைக்கிலிருந்த லிகிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மஹத கண்டாயம! அபே மஹத கண்டாயம!" என்று கத்தினார். நம்முடைய குண்டு அணி. கூட்டம் குபீரென்று சிரித்தது.

துஷாந்தினி வேலியைப் பார்த்தாள். இருளாண்டி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். லயமே அப்பாவைத்தான் பார்த்தது. விசில் ஊதிவிட்டார்கள். அவள் கண் அங்கேயே இருந்தது, குதிகால் பதியவில்லை, கயிறு அவளை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. சிவப்புத் துணி கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

பழனிமுத்து வேலியில் ஒரு காலை வைத்து ஏறினார். அயன் பண்ணிய சட்டையோடு, இரண்டு கையையும் வாயில் குவித்து, லிகிதரைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார்.

"மஹத நெவெய்! மஹத்தயா!"

குண்டு இல்லை, மஹத்தயா. அவர் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் இருளாண்டி சேர்ந்துகொண்டார். பிறகு வேலியோரம் முழுவதும். பிறகு சிங்களப் பிள்ளைகளும், சிரித்துக்கொண்டே, "மஹத்-தயா, மஹத்-தயா" என்று கைதட்டத் தொடங்கினார்கள். துஷாந்தினி குதிகாலை மண்ணில் குத்தினாள். சாய்ந்தாள். வானம் தெரிந்தது. முதுகில் கயிறு அறுத்தது, அறுக்கட்டும். நின்றாள். தம்புள்ளை இழுத்தது, திணறியது, ஒருத்தியின் கால் வழுக்கியது. "படைக்கும் நாமதான் முந்தி புள்ள, வா" என்று முன்னாலிருந்து றிஸ்மியா கூவினாள். எட்டுப் பேரும் ஒரே உடம்பாகப் பின்னால் போனார்கள், போனார்கள், கடைசியில் ஒருவர்மேல் ஒருவர் விழும்வரை போனார்கள்.

பரிசு கொடுக்கும்போது சந்திரகாந்தா மேடத்துக்கு முகமெல்லாம் பல். "நான் கட்டாயப்படுத்தலன்னா நீங்க இந்த வகுப்புக்கு வந்திருப்பீங்களா?" என்று கேட்டார். சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

"வந்திருக்க மாட்டேன் மேடம்" என்றாள் துஷாந்தினி. அது உண்மை. "ஆனா ரஜிதாவும் வராமப் போயிட்டா மேடம். தராசப் பாத்துட்டுத்தான் போனா. வகுப்பு வேணும், கட்டாயமாவே இருக்கட்டும், எல்லாருக்கும். தராசு வேணாம்."

மேடத்தின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "யோசிப்பம்" என்றார். அடுத்த தவணை அறிவித்தலில் நிறை பற்றிய வரி இல்லை, ஒல்லிப்பையன் முதல் ஆளாக வந்து நின்றான். ரஜிதா தம்புள்ளையில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டாள். துஷாந்தினி போன் எடுத்துப் பேசினாள், அவள் திரும்பி வரவில்லை.

ஆனால் அது பிறகு. அன்று வேன் அவர்களை இறக்கிவிட்டதும், லயத்து ஆட்கள் பாட்டும் கூத்துமாக முன்னால் போக, அப்பாவும் மகளும் பின்தங்கி மேடேறினார்கள்.

"மைக்குல சொன்னது கேட்டுச்சிங்களாப்பா?"

"கேட்டுச்சி."

"எத்தனையோ தடவ சொல்லப் பாத்தேன். ஒங்களுக்குப் போன்ல தப்பா விழுந்திருச்சி."

பழனிமுத்து நின்றார். "மெளகு வாங்க வர்ற யாவாரிங்ககூட இத்தன வருசம் சிங்களத்துல மல்லுக்கட்டுறேன். மஹதவுக்கும் மஹத்தயாவுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏங்கப்பா அப்பிடிச் சொன்னீங்க?"

"போன்ல நல்லாத்தான் விழுந்துச்சி. பக்கத்துல இருளாண்டி நின்னான். என்னா விசயம்னு கேட்டான். நீ காலங்காத்தால சப்பாத்து போட்டுக்கிட்டுப் போறத லயமே பாக்கும், நாளைக்கு என்னா சொல்லிச் சிரிப்பானுங்கன்னு யோசிச்சேன். வாயில அதுதான் வந்துச்சி."

இத்தனை நாளும் ஒரே பொய்யை அவள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். துஷாந்தினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அவள் மறைக்கவில்லை. அப்பா அவள் தோளைப் பார்த்தார். கயிறு அறுத்த இடத்தில் சட்டை கிழிந்திருந்தது.

"ரொம்ப எரியுதா?"

"இல்லப்பா."

"அப்ப நடங்க மஹத்தயா" என்றார் பழனிமுத்து. "பசிக்குது."