பதினொரு கணினிகளும் ஒரு கேர்னலும்

செல்வராசா சேர், வெள்ளி விழா மலரில் நீங்கள் எழுதியிருப்பது பொய்.

விஷயம் தெரியாத வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கணினிப் பயிற்சி நிலையத்தின் மலர் போன கிழமை கைக்கு வந்தது. பளபளப்பான தாள். பதினேழாம் பக்கத்தில் பணிப்பாளர் செல்வராசாவின் படம். கீழே ஒரு வரி: "ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினிகளை எனது நேரடி வழிகாட்டலில் வலையமைப்பில் இணைத்தோம்." என் பெயர் இல்லை, பரவாயில்லை, நான் திருகாணி கழற்றியவன். ரிஸ்வானாவின் பெயர் எங்கே?

புது மை மணத்தில் எனக்கு அந்தப் பழைய மணம் ஞாபகம் வந்தது: உப்புக் காற்றில் ஊறிய கணினியைத் திறந்தால் வருவது, பாதி துரு, பாதி வாவிச் சேறு. நிலையம் தொடங்கிய புதிதில், ஏதோ வெளிநாட்டு அலுவலகம் கழித்துவிட்ட பதினொன்றை எங்களுக்கு அன்பளிப்புச் செய்திருந்தது. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்கள். அன்புக்கும் ஒரு அளவு உண்டுதானே. ஆளையும் வண்டியையும் வாவி கடத்தும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் நெல் மூட்டைகளுக்கு நடுவே ஏற்றி, வாவியின் அக்கரையான படுவான்கரையிலிருந்த நிலையத்துக்குக் கொண்டுபோனோம்.

"என்ன மனே, டிவியா? படம் போடுவியளா?" என்றார் பாதைக்காரர்.

"ஓம், போடுவம்" என்றேன். மூன்று கிழமைக்கு ஒன்றும் ஓடவில்லை.

ரிஸ்வானா அப்போது காத்தான்குடியிலிருந்து வந்துபோன தற்காலிகப் போதனாசிரியை. கணினியைப் பிளொப்பித் தட்டால் எழுப்பி, மற்றதையெல்லாம் ஒரே சேர்வரிலிருந்து எடுக்கலாம் என்றது அவர்தான். பிளொப்பியில் வைக்க, இயங்குதளத்தின் கருவான கேர்னலை நாங்களே கட்டவேண்டும். நெட்வேர்க் கார்ட்டை இயக்கும் ட்ரைவரைக் கேர்னலுக்குள் சேர்த்தும் கட்டலாம், தனிக் கோப்பாகவும் வைக்கலாம். நான் கெட்டிக்காரன், தனிக் கோப்பாக வைத்தேன்.

"அண்ணன், அந்தக் கோப்பு எங்க இரிக்கி?"

"சேர்வரில."

"சேர்வருக்கு எதால போற?"

"கார்ட்டால."

"கார்ட் ஓட?"

"அந்தக் கோப்பு..." என்று இழுத்தேன்.

"தோணிய அக்கரையில கட்டிப்போட்டு இக்கரையில நிண்டு ஏறப் பாக்கிறீங்க" என்று சிரித்தார்.

பணிப்பாளரின் நேரடி வழிகாட்டலும் கிடைத்தது, மறுக்கவில்லை. எந்தக் கார்ட் என்று தேடிக்கொண்டிருந்த எங்களிடம் வந்து, "என்னத்துக்குத் தேடுறீங்க? எல்லா ட்ரைவரையும் உள்ளுக்குப் போடுங்க. உங்கட ஊட்டுச் சாமானா?" என்றார். போட்டோம். கேர்னல் வீங்கி, கடையில் ஒரே அளவில்தான் கிடைக்கும் பிளொப்பியில் அடங்கவில்லை. "அப்ப பெரிய பிளொப்பி வாங்குங்க" என்றார். அவரது தொழில்நுட்பப் பங்களிப்பு அத்துடன் நிறைவுபெற்றது.

பிறகு நான் கணினிகளோடு வந்திருந்த கார்ட் பெட்டிகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெயர். ஒரே ட்ரைவரைச் சேர்த்துக் கட்டினேன். ஏழு எழும்பின, நான்கு கிடந்தன. ரிஸ்வானா அந்த நான்கையும் கழற்றி, சிப்பில் படிந்திருந்த உப்பை அழிறப்பரால் தேய்த்தார். உள்ளே வேறு இலக்கம். "பெட்டிய நம்பாதீங்க அண்ணன், சிப்ப வாசிங்க." இரண்டே ட்ரைவர்கள் போதும். ரிஸ்வானா காலையில் கட்டத் தொடங்கிய கேர்னல் சோறு தின்று முடிய ஆயத்தமாகி, பிளொப்பியில் அடங்கியது. பதினொரு பச்சை விளக்குகளும் எரிந்தன. சேர் வந்து படம் எடுத்துக்கொண்டார்.

நேற்று ரிஸ்வானா தொலைபேசியில் பேசினார். அதே நிலையத்தில் நிரந்தரப் பதவிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறார். "நான் செஞ்ச வேலையச் சொன்னன். மலர விரிச்சு, இதில உங்கட பேர் இல்லியே எண்டு சிரிச்சாங்க." முடிவு வருகிற மாதம்.

அந்தக் கணினிகள் பழைய இரும்பாகப் போய்விட்டன. பிளொப்பி போட ஒரு துவாரம்கூட இன்றைக்கு எந்தக் கணினியிலும் இல்லை. நாங்கள் இருந்த அறையில் இப்போது உர மூட்டைகள். நடந்ததற்குச் சாட்சி என்று மிஞ்சியிருப்பது அச்சடித்த அந்த ஒற்றை வரிதான்.

செல்வராசா சேர், விழா வருகிற ஞாயிறு. ஒலிவாங்கி உங்கள் கைக்குத்தான் முதலில் வரும். நேர்முகம் நடத்தியவர்களும் முன்வரிசையில் இருப்பார்கள். எனக்குத் தனியாகக் கடிதம் எழுதவேண்டாம். அந்தக் கேர்னலைக் கட்டியது யார்? சபையில் சொல்லுங்கள்.