பாப்பாவுக்கு விட்டுக்கொடுத்த பால்

என் மகள் நான்கு வயது நெருங்கும்வரை என்னிடம் பால் குடித்தாள். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். குடித்தவளுக்கும் கொடுத்தவளுக்கும் இல்லாத வெட்கம் கேட்கிறவர்களுக்கு எதற்கு?

எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது எனக்குப் பால்வெட்டு வேலை. விடிந்ததும் மலைக்குப் போய் மரங்களைக் கீறிச் சிரட்டைகளை வைத்துவிட்டால், ரப்பர் பால் வடிந்து முடியும்வரை கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் வெற்றிலை போடுவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் நாங்கள் பிள்ளை மடுவத்துக்கு ஓடுவோம். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. வாசல் படியில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வோம். யாராவது ஒருத்திக்குக் கொடுத்த மரங்கள் தூரத்தில் இருந்ததால் அவள் வர நேரமானால், அழுகிற அவள் பிள்ளையையும் எங்களில் ஒருத்தி எடுத்துப் பால் கொடுப்பாள். அதற்கு யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.

என் மகள் மடியில் அடங்கமாட்டாள், அவ்வளவு உயரம். படியில் நின்றுகொண்டே குடிப்பாள். நடுவில் நிறுத்தி, அன்றைக்கு யார் யாரைக் கிள்ளினார்கள் என்று செய்தி வாசித்துவிட்டு மறுபடி குடிப்பாள். கங்காணி அந்த வழியாகப் போனால் சும்மா போகமாட்டார்.

"என்னா புள்ள, ஒம் மக ஸ்கூல் பேக்க மாட்டிக்கிட்டு வந்தும் பால் கேப்பா போலயே?"

"கேட்டா குடுக்குறேன். ஒங்க வீட்டுலருந்தா எடுத்துக் குடுக்குறேன்?" என்பேன்.

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் எனக்கும் கவலை இருந்தது. பொங்கல் கழிந்ததும் அவளை ரோட்டோரத்து நர்சரிக்கு அனுப்ப வேண்டும். வேலைக்கு நடுவில் அங்கே ஓட முடியாது. பால் கேட்டு அழுது நின்றால் என்ன செய்வேன்? மலையேறும்போது எனக்கும் தலை சுற்றத் தொடங்கியிருந்தது. நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நாள் முழுக்க நான் நிம்மதியாக உட்காருகிற நேரமே அது ஒன்றுதான். ஒரு கையால் என் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டே அவள் குடிக்கும்போது, நான் இல்லாமல் முடியாத ஓர் ஆள் இந்த உலகத்தில் இருக்கிறாள் என்று மனசு நிறையும். அதை யார் விடுவார்?

அப்படியும் விடப் பார்த்தேன். சில நாள் இல்லை, இல்லை என்று சொல்லிப் பழக்குவேன். உடனே மழை வந்துவிடும். மரம் நனைந்தால் பால்வெட்டு கிடையாது. எங்கள் பக்கத்து மழையோ வந்தால் லேசில் போகாது. நாங்கள் குடியிருந்த லயத்தின் ஒற்றை அறைக்குள் அவளும் நானும் நாள் முழுக்க முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் வைராக்கியம் எங்கே நிற்கும்? பழக்கியதெல்லாம் மழையோடு போய்விடும்.

கூடப் பால்வெட்டுகிற சிங்கள அக்கா ஒருத்தி, மார்பில் கோமாரிக்கா பூசச் சொன்னாள். கற்றாழையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவளே ஒரு மடலைப் பறித்துக்கொண்டு வந்து தந்தாள்.

"பூசு நங்கி. ரெண்டு நாள்ல மறந்திரும், பலன்னகோ" என்றாள். நங்கி என்றால் தங்கச்சி, பலன்னகோ என்றால் பாரேன்.

மறுநாள் பூசிக்கொண்டு போனேன். மகள் வாயை வைத்தாள். முகம் கோணிக்கொண்டது. இதோ அழப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அழவில்லை. உள்ளே போய், கவுன் நுனியைத் தண்ணீர் வாளியில் நனைத்துக்கொண்டு வந்து என் மார்பைத் துடைத்துவிட்டாள்.

"யாரும்மா இப்புடிப் பூசுனது? எரியுதா?"

படியில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. தனக்குக் கசந்ததை விட்டுவிட்டு எனக்கு எரிகிறதா என்று கேட்கிற பிள்ளையிடம் என்ன வித்தை காட்டுவது? அன்றைக்கு வயிறு நிறையக் கொடுத்தேன். மிச்ச மடலைத் தூக்கி எறிந்தேன்.

ஐப்பசி மழை தொடங்குமுன் மடுவத்துக்குப் புதிதாக ஒரு கைக்குழந்தை வந்தது. அதன் தாய்க்கு ஓடைக்கு அந்தப் பக்கம் மரங்கள். ஒருநாள் அவள் வர ரொம்ப நேரமாகிவிட்டது. பிள்ளை பார்க்கிற ஆயாம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடையாய் நடந்தாள். அழுது அழுது அதன் தொண்டையே கட்டிப்போயிருந்தது. என் மகள் அப்போதுதான் குடிக்கத் தொடங்கியிருந்தாள். சட்டென்று நிறுத்தி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, அந்தப் பாப்பாவுக்குக் குடும்மா."

"நீ குடிச்சு முடி. அப்பறம் குடுக்குறேன்."

"எனக்குத்தான் பல்லு இருக்குல்ல. நான் ரொட்டி திங்கிறேன்."

போய் ஆயாம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து வந்து, பிள்ளையை என் மடியில் போட வைத்தாள். என் பையிலிருந்த ரொட்டியை எடுத்துத் தின்றுகொண்டே, அதன் குட்டிக் காலைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தாய் மூச்சு வாங்க ஓடிவந்தபோது, "பாப்பா குடிச்சிருச்சு அத்த, மெதுவா வாங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. எல்லாம் மழை வரும்வரைதான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, காத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

மழை வந்தது. பால்வெட்டு இல்லை. அவள் வாசலில் உட்கார்ந்து கூரைத் தண்ணீரில் இலைகளை விட்டுக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. சட்டைக் கொக்கியைக் கழற்றிவிட்டு நானே கூப்பிட்டேன்.

"வர்றியாடி?"

ஓடிவந்தாள். மார்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு என் தோட்டை ஒரு திருகு திருகினாள்.

"பாப்பாவுக்கு இருக்கட்டும்மா" என்றாள்.

இந்த வயதில் இவளுக்கு இவ்வளவு மனசு யார் கொடுத்தது என்று வியப்பாகவும் இருந்தது, என் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போலவும் இருந்தது. கொக்கியை மாட்டிக்கொண்டு எழுந்து, ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். அவள் அடுப்புப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள்.

"பெருசா சுடும்மா" என்றாள்.