மூக்கு சொன்ன பதில்கள்

மேல்விஷாரத்தில் தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் செலக்‌ஷன் மேசையில் நின்றவன் நான். பதனிட்டு வரும் தோலைத் தொட்டுப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் வெளியிலும் எதையும் சும்மா விடமாட்டேன். என்னைக் கண்டாலே கத்தரிக்காய்க்காரர் கூடையை இழுத்துக்கொள்வார். கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன் அட்டையைத் தடவிப் பார்த்து மட்டம் என்பேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில் ஜன்னலை இழுத்துச் சாத்தும்போது கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டில் இறங்கியது. ஆபரேஷன் செய்து நரம்பைத் தைத்தார்கள். காயம் ஆறியது. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயிருந்தன. பிடிக்கும், மடங்கும், தொட்டால் மட்டும் ஒன்றும் தெரியாது. பார்க்க வந்தவர்கள் நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உள்ளேயும் எதுவோ மரத்துவிட்டது. தட்டு வைத்தால் சாப்பிட்டேன், படுக்கச் சொன்னால் படுத்தேன்.

முதலாளி வீட்டுக்கே வந்தார். "பேஜார் ஆவாத பா. ரம்ஜான் வரைக்கும் உன் இடத்துல வேற ஆளப் போடமாட்டேன். அதுக்குள்ள கை தேறணும், இன்னா?" என்றார். சரி என்றேன். ரம்ஜானுக்கு ஐந்து மாதம் இருந்தது.

சத்துவாச்சாரியில் ஒரு பிசியோதெரபி சென்டருக்கு வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறிப் போனேன். ஒரு பக்கம் முட்டி ஆபரேஷன் ஆன ரிடையர்டு வாத்தியார் சைக்கிள் மிதிப்பார். இன்னொரு பக்கம் தோள் இறுகிப்போன ஒரு அம்மா கயிற்றை இழுத்துக்கொண்டே, வலிக்கிறது என்று கத்துவார். அவருக்கு வலிக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

என்னைக் கவனித்த தெரபிஸ்ட் மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. குரல் மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ் குரல். "அண்ணா, நரம்பு ஒரு நாளைக்குக் கடுகளவு வளந்தாலே ஜாஸ்தி. அது வெரலுக்கு வந்து சேந்தாலும், அது சொல்றது மூளைக்குப் புரியாது. மறுபடியும் பழக்கணும். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பொருளா பத்து எடுத்துட்டு வாங்க" என்றார்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது தோல்தான். வெட்டுத் துண்டுகள் பத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு போனேன். கண்ணைத் திறந்து தொடுவது, பிறகு கண்ணை மூடித் தொட்டு இன்னதென்று சொல்வது. இப்படியே பல வாரம் போயிற்று. மூன்றாவது மாதத்தில் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னேன். ஆடு, செம்மறி, எருமை, மெழுகு போட்டது, போடாதது. மேடம் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். எனக்கும் விரல்களுக்குத் தெரிவது போலவே இருந்தது. பொய் சொல்கிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

நேராக ஷாப்புக்குப் போய்க் கை தேறிவிட்டது என்றேன். முதலாளி ஒரு கட்டு செம்மறித்தோலைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். சாயங்காலம் செக்கிங்கிலிருந்து பாதித் தோல் திரும்பி வந்தது. பக்கத்து மேசைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போட்டார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அடுத்த முறை மேடத்திடம் சண்டைக்கே போனேன். "பத்துக்கு எட்டுன்னு எழுதினீங்களே, அது இன்னா கணக்கு?"

அவர் மறுபடி கண்ணை மூடச் சொன்னார். இரண்டு துண்டு கொடுத்தார், இரண்டையும் சரியாகச் சொன்னேன். "அண்ணா, ஏன் மூஞ்சிக்கிட்ட கொண்டு போறீங்க?" என்றார். அப்போதுதான் கையைப் பார்த்தேன். துண்டு மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. தோலைக் கையில் வாங்கினால் ஒரு சுண்டு சுண்டி, சத்தத்தைக் கேட்டு, வாசனை பார்ப்பது எங்கள் ஆட்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. செய்கிறோம் என்றே தெரியாது. நாறிக் கிடக்கிற ஷாப்பில், மெஷின் சத்தத்தில், மூக்கும் காதும் என்ன செய்யும்?

எனக்கு மாஸ்க் மாட்டி, காதில் பஞ்சு அடைத்து, கையை மேசையோடு வைக்கச் சொன்னார். பத்தும் தப்பு. ஒரு முறை ஆட்டுத்தோல் என்று உறுதியாகச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். விரல்களுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. மேடத்தின் முகம் வாடிவிட்டது. எனக்கு வெட்கமாவது வந்திருக்கவேண்டும், வரவில்லை.

அன்றிலிருந்து முதல் படியில் ஆரம்பித்தோம். வீட்டில் நாலு கிண்ணத்தில் அரிசி, ரவை, கல் உப்பு, பஞ்சு. மாஸ்க்கோடும் பஞ்சடைத்த காதோடும் நான் கண்ணை மூடி உட்கார்ந்து துழாவுவதைப் பார்த்து, "யார் வூட்டுக்குக் கொள்ளையடிக்கப் போறீங்க?" என்று என் மனைவி சிரிப்பாள். ரவையும் கல் உப்பும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. தினமும் நாலு வேளை, வேளைக்குப் பத்து நிமிடம். நம்பிக்கையோடு செய்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னார்கள், செய்தேன்.

நோன்பு தொடங்கியது. பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கதவு சாத்தியிருந்தது. ஒரே ஒரு துண்டைக் கையில் கொடுத்து, "கண்ணை மூடிக்கினு சொல்லு பா" என்றார். கண்ணை மூடியதுமே தெரிந்துவிட்டது, ஷூவுக்கு உள்ளே வைக்கும் செம்மறி லைனிங். சரியாகச் சொல்லிவிடலாம். மேசை என்னிடமே இருந்துவிடும். கண்ணைத் திறந்தேன், அவர் முகத்தில், சொல்லிவிடேன் என்று இருந்தது.

"முதலாளி, மூக்குக்குத் தெரியுது. கைக்குத் தெரியல" என்றேன்.

அவர் துண்டை வாங்கி டிராயரில் போட்டார். பெருநாள் கழிந்ததும் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார். என் இடத்தில் ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து நின்றார். நல்ல கைக்காரர்தான்.

சென்டருக்கும் இனி எதற்கு என்று போன் பண்ணிச் சொன்னேன். "மேசை போனா கையும் போய்டுச்சா? செவ்வாக்கெழம வந்து சேருங்க" என்று மேடம் வைத்துவிட்டார். போனேன். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது, எரிச்சலாக வருகிறது என்று குறை சொன்னேன். "அது நல்ல சேதி அண்ணா" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், மரப்பெட்டி தூக்கும்போது ஆள்காட்டி விரலில் சிலாம்பு ஏறியிருக்கிறது. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய மனைவியிடம் கையை நீட்டினேன். அவள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருப்பவள், ஊசி அவள் சொன்னபடி கேட்கும். வாசல் வெளிச்சத்தில் என்னை உட்காரவைத்துக் குடைய ஆரம்பித்தாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டென்று கையை உதறினேன். ஏன் உதறினேன் என்று ஒரு நொடி எனக்கே புரியவில்லை.

"ஏங்க, வலிக்குதா?" என்றாள்.

"வலிக்குது."

அவள் கையை மறுபடி இழுத்துப் பிடித்துக் குத்தினாள். வலித்தது. தள்ளி இன்னொரு இடத்தில் குத்தினாள். அங்கேயும் மெல்ல வலித்தது. சிலாம்பு எப்போதோ வெளியே வந்து அவள் முந்தானையில் ஒட்டியிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.