மூன்று காசு இடைவெளி

1. மீட்டர் பாஸ், ஆள் ஃபெயில்

கிட்டார் கடையில் நான் முடித்துக் கொடுத்த முதல் வேலை இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தது. கடையிலேயே ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில் சொருகி வாசித்துப் பார்த்த அந்தோணி முகத்தைச் சுளித்தார். கிள்ளான் நகரில் பேர் வாங்கிய ஓர் இசைக்குழுவின் லீட் கிட்டாரிஸ்ட் அவர்.

"என்னாங்க இது? சுவிட்ச இந்தப் பக்கம் தள்ளுனா காது அடைக்குது. அந்தப் பக்கம் தள்ளுனா கொசு கத்துற மாதிரி இருக்கு. ஸ்டேஜ்ல நான் பாட்டு வாசிக்கிறதா, வால்யூம திருகிக்கிட்டே நிக்கிறதா?"

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தமும், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான் அது. தந்தியின் அசைவை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும். அந்தோணியின் கிட்டாரில் இரண்டு; எது பேச வேண்டும் என்று மாற்றத்தான் அந்த சுவிட்ச். கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப், அதன் சத்தம் தடிமனாக இருக்கும். தந்தி முடியும் இடத்தில் இருப்பது பிரிட்ஜ் பிக்கப், அது கூர்மையாகப் பேசும். இரண்டிலும் அந்தச் சுருள், அதாவது காயில், அறுந்து போய், புதிதாகச் சுற்றக் கொடுத்திருந்தார்.

அதற்கு முன் ஆறு வருடம் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் காயில் சுற்றியவள் நான். மைக்ராஸ்கோப்பில் குனிந்தே கழுத்து வளைந்தது. அந்தக் கையை நம்பித்தான் பிரிக்பீல்ட்ஸில் கிட்டார் கடை வைத்திருந்த பாலா என்னை வேலைக்கு எடுத்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கிட்டார் வேலைக்குப் பெண்ணா என்று கேட்காத ஆளில்லை.

இரண்டு பிக்கப்பையும் ஒரே எண்ணிக்கையில் சுற்றினேன். மீட்டரில் வைத்தால் இரண்டும் ஒரே ரீடிங். தொழிற்சாலையில் இதற்குப் பெயர் பாஸ். அதை அப்படியே அந்தோணியிடம் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே ரீடிங் சார். வேணும்னா மீட்டர்ல காட்டுறேன்."

"மீட்டரையா ஸ்டேஜ்ல வாசிக்கிறது, சிஸ்டர்?"

பாலா சிரித்தார். அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து நவரத்தினம் எழுந்து வந்தார். கடையின் மூத்த டெக்னீஷியன். எல்லோருக்கும் நவம் அண்ணன். சட்டைப் பையிலிருந்து பத்து காசு நாணயங்களை எடுத்தார். தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்து, ஸ்க்ரூவைத் திருகினார். பிரிட்ஜ் பக்கம் ஒரு காசு கனம். நெக் பக்கம் இரண்டு காசு கனம்.

"கழுத்துப் பக்கம் ஸ்ட்ரிங் ரொம்ப ஆடும். பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம்தான் ஆடும். ரெண்டு காயிலையும் ஒரே மாதிரி சுத்தி ஒரே உயரத்துல வச்சா நெக்குதான் கத்தும் லா. அத இறக்கணும், இத ஏத்தணும்" என்றார், என்னைப் பார்க்காமல் ஸ்க்ரூவைப் பார்த்து.

அந்தோணி மறுபடி வாசித்தார். சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் சத்தம் சமமாக வந்தது.

"அண்ணன் கை வச்சாத்தான் லா!" என்றார்.

நான் மூன்று நாள் சுற்றிய காயிலுக்கு ஒரு வார்த்தை இல்லை. மூன்று நிமிடம் திருகிய ஸ்க்ரூவுக்கு இவ்வளவு பேச்சு. அன்றைக்குப் பிடித்தது எனக்கு எரிச்சல்.

2. அவருடைய காது

இளம் டெக்னீஷியன்களுக்காக ஒரு பத்திரிகையில் எழுதச் சொன்னார்கள். அதனால் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய ரீடிங் காட்டும் பிக்கப்தான் நல்ல பிக்கப் என்று நினைக்காதீர்கள். சுற்று கூடக்கூடச் சத்தம் கூடும், ஆனால் தெளிவு குறையும். இரண்டு பிக்கப் சுற்றினால் பிரிட்ஜுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றுங்கள். இவையெல்லாம் நவத்திடம் பார்த்துத் தெரிந்துகொண்டவை. அவர் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் போய்விடுமே.

பொறாமையோடு பார்த்தால் எதையும் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். அவர் எந்த ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருகுகிறார், எப்போது தலையைச் சாய்க்கிறார், எந்தத் தந்தியை முதலில் மீட்டுகிறார், எல்லாம் ஓரக்கண்ணில் எனக்கு மனப்பாடம். வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதுவேன். எழுதும்போதும் வயிறு எரியும்.

என்னைவிட இரண்டு வயதுதான் அவர் மூத்தவர். எல்லோரையும் போல நானும் 'அண்ணே' என்று கூப்பிட வேண்டியதுதான். எனக்கு அது வாயில் வராது. "இந்தாங்க", "அங்க பாருங்க" என்றே பல மாதங்கள் ஓட்டினேன்.

வாடிக்கையாளர்கள் கதவைத் திறந்ததும் கேட்பது ஒரே கேள்வி. "நவம் அண்ணன் இல்லையா?"

"நான் இருக்கேனே, என்ன வேலை?"

"பரவால்ல அக்கா, நாளைக்கு வரேன்."

நாளைக்கு வருவார்கள். கிட்டாரை அவர் மேசையில் வைப்பார்கள். அவர் அதைத் திறந்து பார்த்து, காயில் அறுந்திருந்தால் என் மேசைக்குத் தள்ளுவார். நான் சுற்றிக் கொடுப்பேன். அவர் பூட்டிக் கொடுப்பார். பேர் அவருக்கு. அவர் கெட்டவராக இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கினால் எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார். அதைத் தின்றுகொண்டே அவரைப் பொரிந்து தள்ளுவேன், மனதுக்குள்தான்.

3. கிள்ளான் கடை

இரண்டாவது வருடம் பாலா கிள்ளானில் இன்னொரு கடை திறக்க இடம் பார்த்தார். அங்கே ரிப்பேர் மேசைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார்.

எனக்கு வீடு கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில். இரண்டு பஸ் மாறி பிரிக்பீல்ட்ஸுக்கு வர ஒன்றரை மணி நேரம், திரும்பிப் போக அதற்கு மேல். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குத் தலை வாரிவிடுவது பக்கத்து வீட்டு ஆன்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சீப்பை எடுத்தபோது, "உங்களுக்குப் பின்னத் தெரியாது, ஆன்டிகிட்டயே போறேன்" என்று எழுந்து போய்விட்டாள். கிள்ளான் கடை எனக்குக் கிடைத்தால் காலையில் அவள் தலையை நானே பின்னலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நவத்துக்கோ வீடு ரயில்வே குவார்ட்டர்ஸில், கடைக்குப் பத்து நிமிட நடை. கிள்ளான் அவருக்கு எதற்கு? நான் பாலாவிடம் கேட்டேன்.

"பாஸ், அந்த மேசைய எனக்குக் குடுங்க. என் வீடு அங்கதான் இருக்கு."

"தெரியும் சரோ. ஆனா கிள்ளான் ஆளுங்க யார கேக்குறாங்க? நவத்தத்தானே? பாக்கலாம். சனிக்கிழமை அந்தோணிக்குக் கிள்ளான்ல பெரிய ஷோ. நானும் போறேன். நவம் செட்டிங் அங்க பேசுச்சுன்னா அவரையே அனுப்பிடலாம்னு இருக்கேன்."

நவம் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நான் கிள்ளானுக்குப் போய் என்ன செய்றது?" என்று முணுமுணுத்தார். பாலா காதில் அது விழவில்லை. எனக்கு விழுந்தது. வேண்டாத ஆளுக்குக் கொடுக்கிறார்களே என்று இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

4. சனிக்கிழமை மத்தியானம்

அந்தோணி அந்த வாரம் சிங்கப்பூரிலிருந்து புது பிக்கப் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தார். பழசைவிடக் காந்தம் பலமானது. ஸ்க்ரூட்ரைவரைக் கிட்டே கொண்டுபோனால் டக்கென்று இழுத்துக்கொள்ளும். நவம் அதைப் பூட்டி, வழக்கம்போல் பிரிட்ஜுக்கு ஒரு காசு, நெக்குக்கு இரண்டு காசு இடைவெளி வைத்தார். கடையின் சின்ன ஆம்பில் கணீரென்று இருந்தது. ஒரே ஒரு குறை. மேல் ஃபிரெட்டுகளில், அதாவது கழுத்தின் மேல்ஸ்தாயிக் கட்டங்களில், தடித்த தந்தியை வாசித்தால் சுருதி நடுங்கியது. நவம் பிரிட்ஜைச் சரிசெய்து, தந்தியை மாற்றி, ஒரு நாள் முழுக்கப் போராடினார். குறை குறைந்ததே தவிரப் போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிடப் போனார். பாலா பேங்குக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு அந்தோணி வந்து கிட்டாரை எடுத்துப்போவார்.

நான் எழுந்து நவத்தின் மேசைக்குப் போனேன். நான்கு ஸ்க்ரூவையும் இடப்பக்கமாக மும்மூன்று சுற்று திருகினேன். இரண்டு பிக்கப்பும் தந்தியை விட்டுத் தலா ஒரு காசு கனம் கீழே இறங்கின. கிட்டே இருந்தால் சத்தம் கூடும், தள்ளிப்போனால் குறையும். எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். மேடையில் டிரம்ஸ் விழுந்ததும் அந்தோணியின் கிட்டார் காணாமல் போகும், பாலா முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். கதவைப் பார்த்துக்கொண்டே திருகியதில், கடைசி ஸ்க்ரூவில் ஸ்க்ரூட்ரைவர் வழுக்கி, வெள்ளை பிளாஸ்டிக் தகட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை.

மூன்று மணிக்கு அந்தோணி அவசரமாக வந்தார். பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5. திங்கட்கிழமை

அந்தோணி லட்டு டப்பாவோடு வந்தார். பின்னாலேயே பாலா, வாயெல்லாம் பல்.

"அண்ணே! என்ன மாயம் பண்ணீங்க? பெரிய ஆம்ப்ல சொருகி வால்யூம ஏத்துனேன் பாருங்க, அப்படியே தேன் மாதிரி வருது லா! மேல் ஃபிரெட்ல நடுங்குச்சே, அது சுத்தமா போச்சு! கீபோர்டுக்காரன் ஷோ முடிஞ்சு வந்து எந்த ஊரு பிக்கப்புன்னு கேக்குறான்!"

நான் காயில் மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காது இரண்டும் சுட்டது. கெடுக்கப் போட்ட திட்டம் அவர் தலையில் இன்னொரு கிரீடமாகப் போய் உட்கார்ந்திருந்தது. அந்த நிமிடம் வந்தது குற்ற உணர்ச்சி என்று எழுதினால் பொய். வந்தது ஆத்திரம்தான். இதுவும் இந்த ஆளுக்கா?

நவம் சிரிக்கவில்லை. கிட்டாரை வாங்கி மேசையில் வைத்து, காசுகளை எடுத்து நுழைத்தார். பிரிட்ஜில் இரண்டு போனது. நெக்கில் மூன்று போனது. ஸ்க்ரூக்களைக் குனிந்து பார்த்தார். அந்தக் கீறல் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவை தேய்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இது என் வேலை இல்ல, அந்தோணி. நான் வச்சது ஒண்ணு, ரெண்டு. இது ரெண்டு, மூணு. காந்தம் ரொம்ப ஸ்ட்ராங்கு, கிட்ட வச்சா ஸ்ட்ரிங்கையே புடிச்சு இழுக்குது. அதான் நடுங்கியிருக்கு. எனக்கு அது தோணல. சரோதான் இறக்கியிருக்கு."

கடையில் இருந்தது நாங்கள் நான்கு பேர்தான். மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள்.

"அட, சிஸ்டரா?" என்றார் அந்தோணி. லட்டு டப்பா என் பக்கம் திரும்பியது.

"ஏன் சரோ சொல்லல?" என்று பாலா கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நான் லட்டை எடுத்துக்கொண்டேன்.

"சும்மா... தோணுச்சு பாஸ்" என்றேன்.

ஒரு வாரத்தில் கிள்ளான் மேசை எனக்கு என்று பாலா சொல்லிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் என் கடைசி நாள், சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். நவம் வந்து, தான் அளப்பதற்கு வைத்திருந்த பத்து காசு நாணயங்களில் மூன்றை என் மேசையில் வைத்தார்.

"நீ செய்ற வேலைல கீறல் விழாது சரோ. ரெண்டு வருஷமா பாக்குறேன். அன்னைக்கு மட்டும் என்ன அவசரம்?"

நான் காசுகளை எடுத்துப் பெட்டியில் போட்டேன். அவர் பதிலுக்காக நிற்கவில்லை. தன் மேசைக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்.

6. கற்றது

தொழிலில் கற்றது இது. பிக்கப்பை முதலில் நன்றாக இறக்குங்கள். ஆம்பில் வால்யூமை ஏற்றிக்கொண்டு, பிறகு காது போதும் என்று சொல்லும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவாருங்கள். தடித்த தந்திப் பக்கம் எப்போதும் ஒரு படி கீழே இருக்கட்டும். காந்தம் பலமாக இருந்தால் இன்னும் தள்ளி வையுங்கள். சின்ன ஆம்பில் கேட்டு முடிவுசெய்யாதீர்கள். கிள்ளான், காப்பார், பண்டமாரான் வட்டாரத்தில் வாசித்தவர்கள் இதற்கு 'சரோ அக்கா செட்டிங்' என்று பெயர் வைத்தார்கள். பதினேழு வருடம் அந்த மேசையில் இருந்தேன். யார் புகழ்ந்தாலும் சிரித்து வாங்கிக்கொண்டேன்.

என் மகளுக்குப் பள்ளி முடியும்வரை நான்தான் தலை பின்னினேன். அதற்காக வருத்தப்பட மாட்டேன்.

நவத்தின் காது மேல் இருந்த பொறாமை கிள்ளானுக்குப் போன மறு வருடமே போய்விட்டது. காதைப் பழக்கலாம், எனக்கும் பழகியது. ஆனால் லட்டு டப்பா தன் முன்னால் நீட்டப்பட்டிருக்கும்போது, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'இது என் வேலை இல்ல' என்று ஒருவரால் எப்படிச் சொல்ல முடிகிறது? அந்தப் பொறாமை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பழக்கம் போதவில்லை.

அவர் இப்போதும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறார். தமிழில் அச்சானது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அதனால் மீதியை அவருக்கே சொல்லிவிடுகிறேன்.

நவம் அண்ணே, அந்தச் செட்டிங் என் வேலை இல்லை. உங்களைக் கெடுக்கத்தான் இறக்கினேன்.